வாடகை ஒப்பாரி

மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் நான் வேலை பார்த்த கேசட்டுக் கடையில் திருட்டுச் சரக்கைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை, அப்போதும் இருந்ததில்லை. புதுப் படத்துப் பாட்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் முதலாளி ஈப்போவுக்குப் போய் ஒரே ஒரு ஒரிஜினல் வாங்கி வருவார். இரண்டு கேசட்டு போடுகிற மெசினில் ஒரு வாயில் அதையும் மறு வாயில் வெற்றுக் கேசட்டையும் வைத்துப் பொத்தானை அழுத்துவது என் வேலை. வேகமாக ஓடுகிற பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பாடகர் எவராக இருந்தாலும் மூஞ்சூறு கத்துவது போலக் கத்திக்கொண்டு பாதி நேரத்தில் முடிந்துவிடுவார். பிறகு உறையில் பாட்டுகளின் முதல் வரிகளை என் கையால் எழுதுவேன். கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. கம்போங் ராஜாவிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் எந்த வீட்டில் கேசட்டை எடுத்துப் பார்த்தாலும் என் எழுத்துத்தான் இருக்கும். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பாடியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் இதில் என்ன போய்ச் சேரும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர்கள் மெட்ராசில் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வீட்டில் எடுப்பது எங்களுக்குத் திருட்டாகவே படவில்லை. எதிர்வீட்டில் எடுத்தால் படும் என்று நினைப்பீர்கள். அதுவும் எனக்கு உடனே படவில்லை, அதுதான் விஷயம்.

எங்கள் எஸ்டேட்டுக்கு பிரிஞ்சாங்கிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, தேயிலைக்குள் அரைமணி நேரம் நடக்க வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்தாள். பள்ளியை விட்டபின் நானும் ஓராண்டு கூடை தூக்கினேன். என் வாய்க்கும், எங்களை மேய்க்கிற தண்டலுக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வேன். அதனால்தான் எழுபதுகள் முடிகிற சமயத்தில் டவுனுக்கு வேலைக்குப் போனேன்.

எதிர் வரிசையில் ஓர் அக்கா இருந்தாள். உறவில்லை, ஆனால் நான் பிறந்ததிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். அவளும் கொழுந்துக்காரி. இரண்டு பெண் பிள்ளைகள். அவள் புருஷன் தேயிலைக்கு நடுவே களை சாக மருந்து அடிக்கிறவர். முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிற வேலை. கையுறை, முகத்துக்குத் துணி என்று எதுவும் அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியாது.

எண்பதுகள் தொடங்கின சமயம். ஒரு நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. விடியலில் எல்லாரும் வரிசையாக நின்று வேலை வாங்கிக்கொள்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டில் அவர் ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணியிடம் போய் ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு கேட்டிருக்கிறார். பம்ப்பைத் தூக்கினால் பேர், தூக்காவிட்டால் பேர் இல்லை என்றாராம் கிராணி. பேர் என்றால் அன்று வேலைக்கு வந்ததாகப் பதிவது. அவர் தூக்கினார். மத்தியானத்துக்கு முன்னால் சரிவில் விழுந்தார். லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. ஏற்கெனவே நெஞ்சு சரியில்லாத ஆள் என்று ஆபீசிலிருந்து துரைக்கு எழுதிப் போனது. பெரட்டில் நின்ற அத்தனை பேர் காதிலும் கிராணி சொன்னது விழுந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவும் அன்று அங்கேதான் நின்றாள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண் எதையும் சொல்லி அழலாம். மாமியாரைச் சொல்லலாம், கொழுந்தனைச் சொல்லலாம், துரையைக்கூடச் சொல்லலாம். சொல்லப்பட்டவன் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் காதில் விழாதவன் போல வெற்றிலை மென்றுகொண்டிருக்க வேண்டும். பாடை வெளியே போனதும் அந்தச் சொல்லும் கூடவே போய்விட்டது என்று கணக்கு. மறுநாள் குழாயடியில், என்னை இப்படிச் சொன்னாயே என்று ஒருத்தி கேட்டால், கேட்டவள் முகத்தில்தான் காறித் துப்புவார்கள். வாயில்லாத ஜனத்துக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று முறை கிடைக்கிற வாய் அது. எதிர்வீட்டு அக்காவுக்கு அதில் எங்கள் எஸ்டேட்டிலேயே நிகர் கிடையாது. யார் வீட்டுச் சாவானாலும் அவள் ஆரம்பித்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும்.

இன்னொரு பழக்கமும் எங்களுக்கு இருந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது எஸ்டேட்டில் நிறையப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். அக்காவின் மாமியாரும் போனவள். போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவோம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கேசட்டில்தான் கடல் தாண்டும். அக்காவுக்கும் சிவப்பு அட்டைதான். எஸ்டேட் ஆபீஸ் கடிதம் எழுதிக் கொடுத்தால் அவளுக்கு பெர்மிட், பெர்மிட் இருந்தால் வேலை, வேலை இருந்தால் லயத்து வீடு. ஒன்றைப் பிடுங்கினால் மூன்றும் வந்துவிடும்.

பிணத்தை வீட்டில் கிடத்திய மறுநாள் காலை அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். கண்கள் வீங்கியிருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"ஒங்க கடையில பேச்சு புடிக்கிற டேப்பு இருக்குல்ல? எடுத்துட்டு வா புள்ள. நான் அழுவுறத அவரு அம்மா கேக்கணும். பெத்தவளுக்கு அனுப்ப என்கிட்ட வேற ஒன்னும் இல்ல."

சரி என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க மட்டும்தான். வேற யாரும் கேக்கக் கூடாது."

என்னைத் தெரியாதா அக்கா உனக்கு என்று நான் கோபித்துக்கொண்டேன்.

டேப்பைப் பிணத்தின் தலைமாட்டு பெஞ்சுக்கு அடியில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டேன். ஒரு பக்கம் முடிந்ததும் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டேன். அவள் முதலில் அவரைக் கல்யாணத்தில் பார்த்ததைச் சொல்லி அழுதாள். பிள்ளைகளைச் சொல்லி அழுதாள். கப்பலில் போன மாமியாரைச் சொல்லி அழுதாள். பிறகு குரலை இறக்கி, நிதானமாக எடுத்தாள்.

"காச்ச கொதிக்குதுன்னு, என் ராசா
கைகட்டி நின்னீங்க
பேரு வேணுமின்னா பம்ப்பத் தூக்குன்னு
பெரட்டுல சொன்னானே
வெள்ளச் சட்டக் கிராணி, அவன்
வீட்டு வெளக்கு அணையாதா."

கிராணி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். எஸ்டேட் மாலையைக் கொண்டுவந்திருந்தார். அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிராணி தன் காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மற்றவர்களோடு சேர்ந்து இடுகாடு வரைக்கும் நடந்து வந்து ஒரு கைப்பிடி மண்ணும் போட்டார். அதோடு அது முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் கேசட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். கப்பலில் போவது, தொலைந்தால் என்ன செய்வது என்று ஒரு காப்பி எடுத்து வைத்தேன். நல்ல எண்ணம்தான். அந்த மெசினில் வேகமாக ஓட்டியபோது ஒப்பாரி சிரிப்பு போலக் கேட்டது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரிப்பது போல. எனக்குப் பயமாகிவிட்டது. நிறுத்தி, மெதுவாகவே ஓட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். எவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறேன் என்று கேட்கும் ஆசையில் ஸ்பீக்கரைத் திறந்து வைத்தேன். சொந்த வேலையை ரசிக்கிற கெட்ட புத்தி.

திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றுகிற லோரி டிரைவர் ஒருவர் வாசலில் நின்றார். பாட்டு வாங்க வந்தவர். நின்றபடியே கேட்டவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் ஈப்போவில் அவர் அம்மா செத்துப்போயிருக்கிறாள். அடுக்குமாடி வீடு. ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று சத்தமில்லாமல் தூக்கிப் போய்விட்டார்களாம். அவர் இந்தக் கேசட்டைக் கேட்டார். முதலில் முடியாது என்றேன். பெரிய மனுஷன் இப்படி அழும்போது என்ன செய்வது என்று மனசு இளகி ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை. முதல் திருட்டு முதலாளி செய்ததல்ல, நான் செய்தது. இதை நான் எந்த இடத்திலும் மாற்றிச் சொன்னதில்லை.

ஒரிஜினல் பினாங்குக்குப் போய்க் கப்பலேறியது. காப்பி கடையிலேயே என் மேசை இழுப்பறையில் கிடந்தது. லோரி டிரைவர் இன்னொருவரை அனுப்பினார். அவர் வீட்டில் அன்றுதான் சாவு. நான் இல்லாத நேரம். முதலாளியே இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். காரியம் முடிந்ததும் அந்த ஆள் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சாவுப் பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த இடத்தில்தான் முதலாளிக்குப் புத்தி வேலை செய்தது. சினிமாப் பாட்டை ஒரு தடவை வாங்கினால் அவன் மறுபடி வரமாட்டான். இதை எவனும் வாங்கமாட்டான், வாடகைக்குத்தான் எடுப்பான், எடுத்த மறுநாளே ஓடிவந்து கொடுத்துவிடுவான். சாவு மட்டும் நிற்காது.

இன்னும் நான்கு போடும்மா என்றார். இது எங்கள் எதிர்வீட்டு அக்காவுடையது, மாமியாருக்கு மட்டும் என்று பதிந்தது என்று சொன்னேன். அழுகைக்கு என்ன ஒரிஜினல், என்ன காப்பி, செத்த வீட்டுக்கு உதவினால் புண்ணியம்தானே என்றார். நான் இரண்டு பேச்சுப் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பெண் பார்க்கட்டுமா என்று கேட்டார். நான்கும் போட்டேன். உறையில் மட்டும் எதுவும் எழுதமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். பெரிய வீம்பு. எழுதாத உறை என்றால் அது ஒப்பாரி என்று மலை முழுக்கத் தெரிந்துபோனதுதான் மிச்சம்.

நான்கைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவிடம் கேசட்டு கப்பலேறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் லயத்துக்கு இந்த விஷயம் எட்டாது என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுபோகுமா? எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் ஒரு கிழவர் இறந்தார். அங்கே ஒப்பாரி வைக்கப் பெண்கள் இல்லாமலில்லை. இருந்தாலும் டவுனிலிருந்து வந்த பேரன்கள் நாகரிகமாக இருக்கட்டும் என்று கேசட்டை வாடகைக்கு எடுத்து, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிப் போட்டுவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் நேரம். பெரட்டுக் களம், ஆபீஸ், துரை பங்களா, கிராணி வீடு எல்லாவற்றுக்கும் கேட்டது. வெள்ளைச் சட்டைக் கிராணி வீட்டு விளக்கு அணையாதா என்று மலை முழுக்க ஒலித்தது. முடிந்ததும் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு, பிணம் எடுக்கும்வரை ஓடவிட்டார்கள்.

அக்கா கூடையோடு சரிவில் நின்றிருக்கிறாள். தன் குரலையே மேலேயிருந்து கேட்டவள் பறிக்கிற கையை நிறுத்திவிட்டாளாம். அம்மாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

மறுநாள் கிராணி கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் போடவில்லை. அந்தக் கேசட்டைக் கொஞ்சம் போடும்மா என்றார். போட்டேன். அந்த இடம் வரை நின்று கேட்டார். அப்போது அவர் மகனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று எஸ்டேட்டில் பேசிக்கொண்டார்கள்.

"சாவு வீட்டுல திட்டுனா திட்டிட்டுப் போறா. அது எனக்குத் தெரியாதா? எங்கம்மாவும் அழுதவதான். ஆனா இது தெனம் தெனம் திட்டுதேம்மா. எத்தன காப்பி இருக்கு?"

தெரியாது என்றேன். அது உண்மை. திரிங்காப் டிரைவரிடம் போனதிலிருந்து எத்தனை ஆனது என்று யாருக்கும் தெரியாது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த ஆள்மேல் அன்றைக்கு இரக்கம் வந்தது. இப்போது யோசித்தால் அந்த இரக்கத்தின்மேல் எரிச்சல் வருகிறது.

அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். படியில் உட்கார்ந்தாள். அவள் பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது, கடிதம் கேட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள், பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அழுகை போனா போவுது புள்ள. எனக்கு வீடு வேணும். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போவேன்? காப்பி எடுத்தது எனக்குத் தெரியாதுன்னு கிராணிகிட்ட நீயே வந்து ஒரு வார்த்த சொல்லிடு. அது போதும்."

நாளைக்கே சொல்கிறேன் அக்கா என்றேன். அவள் என்னை நம்பினாள். போகும்போது தலையைக்கூடத் தடவினாள்.

அவள் போனதும் அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ போயி நான்தான் செஞ்சேன்னு சொல்லுவ. அவன் நாளைக்கு என் பேர்லயும் கைய வைப்பான். நம்ம வீட்டையும் நெனச்சிப் பாருலா."

அம்மாவுக்கு அப்போதே மூட்டு வலி. பறிக்கிற கொழுந்து குறைந்துகொண்டே வந்தது. கிராணி மனசு வைத்ததால்தான் அவள் பேர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் ஆபீஸ் வரை போனேன். ஆறு படி. மூன்றாவது படியில் நின்றேன். உள்ளே டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், இறங்கி பஸ்ஸுக்கு நடந்தேன். சொன்னியா புள்ள என்று அக்கா கேட்டபோது சொல்லிவிட்டேன் என்றேன். எதற்குச் சொன்னேன் அந்தப் பொய்யை? அவள் இன்னொரு ஆளையாவது அனுப்பியிருப்பாள். யூனியன்காரரிடமாவது போயிருப்பாள். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள்.

கிராணி அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு சொல் கடுத்துப் பேசவில்லை. கடிதம் எழுதாமல் இருந்தார், அவ்வளவுதான். அடுத்த மாதம் பெர்மிட் முடிந்தது. பேர் நின்றது. லயத்துச் சாவியை ஆபீசில் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு காலைநேரத்தில் காய்கறி லோரி ஒன்றில் இரண்டு பிள்ளைகளையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு திரிங்காப் பக்கம் போனாள். லயத்தில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அங்கே ஒரு தோட்டத்தில், பெர்மிட் கேட்காத தோட்டத்தில், தகரக் கொட்டகை கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என்ன வேலை என்று கேட்டேன். கோசுக்கு மருந்து அடிக்கிறாளாம். முதுகில் பம்ப்பு.

அவள் போன பிறகு முதலாளிக்குப் பயம் வந்தது. கேசட்டு வாடகை நிற்கக் கூடாது, ஆனால் வம்பும் வரக் கூடாது. கிராணி வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிடும்மா என்றார். மற்றதெல்லாம் எதிலிருந்து எடுத்தோமோ அந்த முதல் காப்பி அழிந்துவிடக் கூடாது என்று நான் அதன் பின்பக்கம் இருக்கும் சின்ன காதுகளை உடைத்து வைத்திருந்தேன். உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. உடைத்த இடத்தில் நானே செலோடேப்பை ஒட்டினேன். மைக் இல்லாமல் பதிகிற பொத்தானை அழுத்தினேன். காச்ச கொதிக்குதுன்னு என்பதிலிருந்து வெளக்கு அணையாதா வரைக்கும், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரு சொல்லும் கெடாமல் அழித்தேன். அக்கா புருஷன் காய்ச்சல் என்று சொல்லிச் சீட்டு கேட்டார், இல்லை என்றார்கள் என்பதை இந்த உலகத்தில் வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் அது. எல்லாக் காப்பியும் புதிதாகப் போட்டோம். அந்த இடத்தில் இஸ் என்ற சத்தம் மட்டும் வரும். கேட்கிறவர்கள் அழுகிறவள் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முழுசாக இருந்த ஒரிஜினலுக்கு என்ன ஆயிற்று என்றால், அக்கா போய் வெகுநாள் கழித்து அவள் பழைய வீட்டு முகவரிக்கு இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் எங்களிடம் கொடுத்தார். பெட்டி கிடைத்தது, போட்டுக் கேட்க ஊரில் மெசின் இல்லை, யாராவது கொண்டுவந்தால் கேட்போம், சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்று யாரையோ விட்டு மாமியார் எழுதச் சொல்லியிருந்தாள். அந்தக் கடிதத்தையும் நான் திரிங்காப்புக்குக் கொண்டுபோகவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் சட்டம் கடுமையாகிவிட்டது என்று பேச்சு வந்தது. ஒரு நாள் பகலில் ஈப்போவிலிருந்து அதிகாரிகள் வந்து கடையைச் சாத்தச் சொன்னார்கள். காப்பி எடுக்கிற மெசின்கள் போயின. என் கையெழுத்துள்ள கேசட்டுகள் பெட்டி பெட்டியாக வேனில் ஏறின. ஒவ்வொன்றையும் எடுத்து, இது இன்ன கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். எழுதாத உறைகள் வந்தபோது ஓர் அதிகாரி ஒன்றைப் போட்டுக் கேட்டார். இது யாருடையது என்று மலாயில் கேட்டார். யாருதும் இல்லை, செத்த வீட்டுப் பாட்டு என்றார் முதலாளி. அதிகாரி என்னையும் பார்த்தார். யாருடையது என்று எனக்குத் தெரியும். எந்தக் கொட்டகையில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அவற்றை மேசையிலேயே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிப் போனார். முகம் தெரியாத பாடகர்களுக்காகவெல்லாம் நியாயம் கேட்க ஆள் வந்தது. அதன்பின் பல மாதம் கடையிலிருந்து வாடகைக்குப் போனது அந்த ஒப்பாரி மட்டும்தான்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் என் அம்மா செத்தாள். லயத்து வீட்டிலேயே, அவள் காப்பாற்றிக்கொண்ட அதே வீட்டிலேயே. காலையில் கிடத்தினோம். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. அக்கா போனதிலிருந்து எங்கள் லயத்தில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. என் முன்னால் நிச்சயமாக இல்லை. நான் இருக்கிற இடத்தில் எந்தப் பெஞ்சுக்கு அடியில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பிணம் ஊமைப் பிணமாகக் கிடந்தது. எனக்கு அது தாங்கவில்லை, ஆனால் அவர்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மாமா மகன்கள் டவுனிலிருந்து வந்தார்கள். சாவு வீடு இப்படியா இருக்கும் என்று அவர்களாகவே பேசிக்கொண்டு கூரைமேல் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். வேண்டாம் என்று நான் எழுவதற்குள், வாசலில் அக்கா வந்து நின்றாள். யார் சொல்லி வந்தாளோ தெரியாது. ஆள் பாதியாகிவிட்டாள். விரல் நுனிகள் மருந்தில் வெந்து வெளுத்திருந்தன. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவள் ஆரம்பிப்பாள் என்று எல்லார் முகத்திலும் ஓர் ஆசை தெரிந்தது. அவள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு முறைப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். எனக்காக அழ வந்துவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கூரைமேல் அவள் குரல் ஆரம்பித்தது. கல்யாணத்தில் அவரைப் பார்த்ததைச் சொல்லி அழுதது. பிள்ளைகளைச் சொல்லி அழுதது. என் அம்மாவுக்காக, செத்துப்போன அவள் புருஷனை ராசா ராசா என்று கூப்பிட்டது. அவள் என் தோளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதல்முறையாக அந்தக் கேசட்டைப் பக்கத்தில் இருந்து கேட்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடம் எப்போது வரும் என்று எனக்கு நொடிக்கணக்காகத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் கை என் கழுத்தில் இறுகியது.

இஸ் என்றது. பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"சுத்தமா அழிச்சிருக்க புள்ள" என்றாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு, எழுந்து, வாசலில் வாளித் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.